சுக்குக் காப்பியில் இரண்டு ஸ்பூன்

முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனைச் சொர்ணத்தாய் இதுவரை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டாள். பார்க்கப் பார்க்க நம்பர் மாறிவிடுமா என்ன. இப்போதுதான் இருபத்திரண்டு உள்ளே போயிருக்கிறது, அது ஒரு சக்கர நாற்காலி, சக்கர நாற்காலி உள்ளே போனால் லேசில் வெளியே வராது, வராவிட்டாலும் நல்லதுதான், டாக்டருக்குத் திடீரென்று ஏதாவது அவசரம் வந்து மீதிப் பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். சீச்சீ, என்ன நினைப்பு இது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கிற நாள், அம்பாசமுத்திரத்தில் எட்டரை பஸ்ஸைப் பிடித்து, இவரைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கி, பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு டாக்டர் இல்லாமல் போகட்டும் என்று நினைக்கிற பெண்பிள்ளை உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மடியில் கட்டைப் பை. பைக்குள் பழைய மருந்துச் சீட்டுகள், தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, இவருக்கு ஒரு மாற்று வேட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காப்பித்தூள் பாட்டில். பாட்டில்தான் காப்பித்தூளுக்கு உரியது, உள்ளே இருப்பது வேறு. அதை எதற்கு எடுத்து வந்தோம்? காலையில் கலக்கி முடித்து மூடியைத் திருகினது ஞாபகம் இருக்கிறது, அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைக்கப் போனதும் ஞாபகம் இருக்கிறது, கை மட்டும் வழி மாறிப் பைக்குள் போட்டுவிட்டது. கைக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கைக்குத் தெரிந்துதான் செய்தது போலவும் இருந்தது.

பக்கத்தில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, இடது கால் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் போனது, தோள் ஒரு பக்கமாக ஏறி இறங்கியது, கழுத்து எதையோ எட்டிப் பார்க்கிறது போல வளைந்து வளைந்து வந்தது. எதிரே இருந்த அம்மாள் ஒருத்தி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இது நடுக்கம் இல்லை. நடுக்கத்தைச் சொர்ணத்தாய்க்கு நான்கு வருஷமாகத் தெரியும், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும், டம்ளரை எடுத்தால் நின்றுவிடும், வைத்தால் மறுபடி தொடங்கும், அது வீட்டுக்குப் பழகிப் போன நடுக்கம். இது நெளிவு. இது வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த நெளிவும் அந்தப் பாட்டிலின் இரண்டாவது ஸ்பூனும் ஒன்றாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தன என்பதைக் கணக்குப் பார்க்க அவள் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. பார்க்காமல் இருக்கத்தான் பெரிய பாடாக இருந்தது. ஒருவேளை மலச்சிக்கலால் இருக்கும். ஒருவேளை வெயில். ஒருவேளை மாத்திரை கம்பெனிக்காரன் எதையாவது மாற்றியிருப்பான். இப்படி ஒவ்வொன்றாக நினைத்து முடித்து, கடைசியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலேயே வந்து நிற்பாள்.

“ஏட்டி, பத்து மணி பாபநாசம் போயிட்டுல்லா?” என்றார் அவர்.

“போயிட்டுங்க. பஸ் ஸ்டாண்டுல வச்சுத் தந்தேம்லா.”

“சரி, சரி. லேட் ஆயிரக் கூடாது.”

முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதிக் காய்ப்புப் பிடித்த விரல். நடுக்கத்துக்கு மாத்திரை ஆரம்பித்த புதிதில் டாக்டர் கறாராகச் சொன்னார், இந்த மாத்திரை நேரத்துக்குக் கட்டுப்பட்டது, சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி வெறும் தண்ணீரில், பால் கூடாது, முட்டையும் பருப்பும் கூடச் சேர்ந்து போகக் கூடாது, ஒரு வேளை விட்டுப் போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது, நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அவளுக்கு அந்தக் கூடாதுகளைக் கேட்டுத் தலை சுற்றியது. இவருக்கோ முகத்தில் ஒரு வெளிச்சம், வேலை திரும்பக் கிடைத்துவிட்ட ஆளைப் போல. அன்றைக்கே வேளைக்கு ஒரு வண்டிப் பேர் வைத்துவிட்டார். ஆறு மணி மாத்திரை தென்காசி, பத்து மணி பாபநாசம், மத்தியானம் இரண்டு மணி திருச்செந்தூர், சாயந்தரம் ஆறு நாகர்கோவில். கோயம்புத்தூரில் இருந்து மகள் போன் பண்ணினால் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், இன்னைக்கு எல்லா வண்டியும் ரைட் டைம் என்பார். இப்பேர்ப்பட்ட மனிதருடைய டெப்போவுக்குள் கேட் வழியாக வராத ஒரு வண்டியைப் பின்பக்கமாக விட்டுக்கொண்டிருக்கிறோம், தினமும், எந்த நோட்டிலும் எழுதாமல். அந்த எண்ணம் வந்ததும் சொர்ணத்தாய் கட்டைப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியை விட்டது நாத்தனார்தான் என்று சொல்லிவிடலாமா. சொல்லலாம், பொய் இல்லை. தைப்பூசத்துக்கு வந்தவள் இவர் வேட்டி கட்டத் திணறுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுக்களையில் வைத்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பூனைக்காலி விதை, பாலில் வேகவைத்துத் தோல் உரித்துக் காயப்போட்டு இடித்த பொடி, கடையத்தில் யாருக்கோ கை கால் நடுக்கம் இதில்தான் நின்றதாம். “இங்கிலீஷ் மருந்தைத் தின்னு தின்னு எந்தம்பி உடம்பு சூடேறிக் கெடக்கு, இது மருந்து இல்ல சொர்ணம், இது பயறு, பயறு யாரையாவது கெடுக்குமா?” என்றாள். பயறு யாரையும் கெடுக்காதுதான். அன்றைக்கு அது எவ்வளவு சரியான பேச்சாக இருந்தது. டாக்டர் கொடுத்த தாளில் வேறு மருந்து எது சாப்பிட்டாலும், நாட்டு மருந்தானாலும், சொல்ல வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது, அவளே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். இது மருந்து இல்லையே. மருந்து இல்லாததை ஏன் சொல்ல வேண்டும். இவரிடம் சொல்லலாம் என்றால், நாட்டு வைத்தியம் என்று பேச்சு எடுத்தாலே, “சீட்டு இல்லாத மருந்தும் பெர்மிட் இல்லாத வண்டியும் ஒண்ணு” என்று சீறுகிற ஆள். அதனால் காலையில் சுக்குக் காப்பியில். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்தால் எந்த ருசியும் வெளியே தெரியாது. ஒரு ஸ்பூன். கலக்கிவிட்டு ஸ்பூனை இரண்டு தடவை கழுவி வைத்தாள்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்தால் இவர் கண்ணாடி முன்னால் நிற்கிறார், வெள்ளை அரைக்கைச் சட்டை, கீழே இருந்து மேலே ஐந்து பொத்தானும் போட்டிருக்கிறது. பதினோரு மாதமாக அவள்தான் போட்டுவிடுகிறாள், போடும்போது அவர் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். அன்றைக்குத் திரும்பி அவளை நேராகப் பார்த்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு நானே போட்டேம்மா, அஞ்சும், உங்கம்மா கிட்டக்கயே இல்ல” என்று சொன்ன குரல் பள்ளிக்கூடப் பையன் குரல். சொர்ணத்தாய் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான், இருந்தாலும் அதற்குள் ஒரு சின்னத் திருட்டுச் சந்தோஷமும் இருந்தது, போட்டது நீங்க இல்லை, நான், என்று. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது. அதற்குப் பிறகு ஒன்றை இரண்டாக ஆக்காமல் எப்படி இருப்பது. ஒரு ஸ்பூனுக்குப் பொத்தான் வந்தது, இரண்டுக்குக் கையெழுத்து வராதா, நடை வராதா. சரி, அது மூன்று வாரத்துக்கு முந்திய பேராசை. இன்று காலையில் குவித்துக் குவித்துப் போட்டாளே, அது எந்தக் கணக்கு? டாக்டர் பார்க்கிற அன்றைக்கு மனுஷன் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்று. பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பிள்ளைக்கு இரண்டு கோட்டிங் பவுடர் பூசுகிற மாதிரி. டாக்டர் பார்க்க வேண்டியது நோயையா, பவுடரையா. அட கூறுகெட்டவளே, அட கூறுகெட்டவளே என்று டோக்கனை மடக்கி மடக்கிப் பீடித்துண்டு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“இருபத்தாறு” என்று நர்ஸ் கூப்பிட்டாள். இருபத்து மூன்றும் நான்கும் ஐந்தும் எப்போது போயின? இவர் இடுப்பைத் தூக்கி அவள் பக்கமாக நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். பெஞ்சில் அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைப் பார்த்து அவர் லேசாகத் தலையை ஆட்டினார், பரவாயில்லை, உட்காருங்க என்கிற மாதிரி. இங்கேயும் வந்துவிட்டாரா. வீட்டில் வந்தார் சரி, பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறி வந்துவிட்டாரா. முதல் தடவை அந்த ஆளைப் பற்றி இவர் சொன்னது போன வாரத்துக்கு முந்திய வாரம், சாப்பிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, “வாசல்ல ஒருத்தர் குடையோட நிக்காரு, கேட்டு அனுப்பு” என்றார். வாசலில் யாரும் இல்லை. மழையும் இல்லை. மறுநாள் அந்த ஆள் கூடத்துக்கு வந்துவிட்டார், கறுப்புக் குடை, தண்ணீர் சொட்டுகிறது, பேச மாட்டார், முகம் நல்ல முகம்தான், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஆட்கள் டெப்போவில் இருப்பார்கள் இல்லையா, அந்த முகம். இவர் பயப்படவில்லை. பயந்தது அவள். தரையில் ஈரம் இருக்கிறதா என்று இவர் பார்க்காத நேரம் தடவிக்கூடப் பார்த்தாள், என்னத்தைச் சொல்ல. நான்காம் நாள் இவரே சொன்னார், “நீ பாக்கலைன்னு எனக்குத் தெரியுது. எனக்குத்தான் தெரியுதாரு போல.” அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர்ட்ட சொல்லிராத சொர்ணம். பைத்தியம்னு எழுதிட்டான்னா முடிஞ்சு. கை ஆடலாம், கால் ஆடலாம், புத்தி ஆடுதுன்னு ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு” என்றார். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் சத்தியம் கேட்டது அந்த ஒரு தடவைதான். பண்ணிக் கொடுத்தாள். உங்க புத்தி ஆடலைங்க, எம்புத்திதான் ஆடிட்டு என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்து, அந்த ஐந்து பொத்தானில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

சரி, சொல்லாமலே நிறுத்திவிட்டால்? நாளைக்குச் சுக்குக் காப்பியில் சுக்கு மட்டும். நெளிவு போகும், குடைக்காரர் போவார், யாருக்கும் ஒன்றும் தெரியாது. நல்ல யோசனையாகத் தெரிந்தது, நான்கு மூச்சுக்கு. நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது மாத்திரைக்குத்தானே, பயறுக்கும் சேர்த்தா? திடீரென்று நிறுத்தி, மரக்கட்டையாகக் கட்டிலில் கிடந்துவிட்டால்? அவளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள்கூட இல்லை, கேட்கக் கூடிய ஒரே ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார், அவரிடம்தான் ஒளிக்க வேண்டியிருக்கிறது. நாத்தனாரிடம் கேட்டால் மூன்று ஸ்பூன் போடு என்பாள். மகளிடம் சொன்னால், “அம்மா, உனக்கு மூளை இருக்கா?” என்பாள், இருக்கிறது, மூளை இருந்துதான் செய்தேன், ஆசையிலே செய்தேன், ஆசை இருந்தால் விஷமும் அமிர்தம் ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று யாரு? நர்ஸ் இரண்டாவது தடவை கூப்பிடுகிறாள். எழுந்தபோது கட்டைப் பை முழங்காலில் இடித்தது, உள்ளே பாட்டில் தண்ணீர் பாட்டிலோடு மோதி டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது போல இருந்தது.

டாக்டர் முன்னால் இரண்டு நாற்காலிகள். ஆவுடையப்பன் ஒன்றில் உட்கார்ந்தார். அவள் மற்றதில் உட்காரப் போனாள், இவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், கண்ணாலே வேண்டாம் என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதில் ஆள் இருக்கிறது.

“உக்காருங்கம்மா” என்றார் டாக்டர்.

“இருக்கட்டும் சார். உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு.”

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாகப் போயின. டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். மறுபடி இவரைப் பார்த்தார். மறுபடி சீட்டு. அவர் நெற்றியில் விழுந்த சுருக்கத்தைச் சொர்ணத்தாய் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை நான் எழுதினபடிதானே? கூடக் குறைய ஏதும் இல்லையே?”

“ரைட் டைம் சார்” என்றார் ஆவுடையப்பன். “நாலு வேளையும் நோட்டுல இருக்கு.”

“அதுதான் புரியல. இந்த அளவுக்கு இவ்வளவு ஆட்டம் வரக் கூடாது. வேற மருந்து எதுவும் சாப்பிடறீங்களா?”

“இல்ல சார்” என்றார் இவர். எவ்வளவு தலை நிமிர்ந்து சொன்னார். அந்த நிமிர்வைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். இப்போது சொல். இப்போது. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

“அப்போ நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். ஒரு ஸ்கேன் எடுத்துட்டு, மருந்தை மாத்திப் பாப்போம்.”

ஆவுடையப்பன் மேலே பார்த்தார். உத்தரம் இல்லாத சிமெண்ட் கூரை, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பொத்தான் போட்டுவிடும்போது பார்ப்பதைப் போல. அடுத்த கட்டம். இல்லாத கட்டம். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்து அவள் கலக்கிக் கொடுத்த கட்டம். இதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரியெல்லாம் தனியாக மென்றுகொண்டு கிடப்பார். அவளால் அதை மட்டும் தாங்க முடியாது என்று தெரிந்தது, வேறு எதைத் தாங்க முடியும் முடியாது என்று யோசிக்கவில்லை. கை பைக்குள் போய்ச் சீட்டுகளைத் தள்ளி, வேட்டியைத் தள்ளி, பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தது.

“பூனைக்காலிப் பொடி சார். ரெண்டு மாசமா. இவுகளுக்குத் தெரியாது. சுக்குக் காப்பில போட்டுக் குடுத்தேன். மொதல்ல ஒரு ஸ்பூன், இப்ப ரெண்டு. இன்னைக்குக் குவிச்சுப் போட்டேன், நீங்க பாப்பியன்னு.” பாட்டிலை டாக்டர் பக்கமாக நகர்த்தினாள். “நோய் ஒண்ணும் முத்தல சார். நாந்தான்.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டிலைத் திறந்து பார்த்தார், மூடினார். மாத்திரையில் இருக்கிற சரக்கேதான் இந்த விதையிலும் இருக்கிறதம்மா என்றார், எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லத்தான் ஆள் இல்லை, இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் இப்படித்தான் நெளியும். இன்றைக்கே எதையும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்த வேண்டாம், எப்படிக் குறைப்பது என்று நான் எழுதித் தருகிறேன், அந்த நாட்களில் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்றார். எத்தனை ஸ்பூன், எந்த ஸ்பூன், எந்தத் தேதியில் இருந்து என்று கேட்டுக் கேட்டு எழுதினார். இவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கன்னத்தில் தெரிந்தது. திரும்பவில்லை.

“அப்போ அந்தப் பொத்தான்?” என்றார் இவர் மெதுவாக. “சட்டைப் பொத்தான், சொர்ணம்?”

“நீங்கதான் போட்டிய” என்றாள். “உங்க வெரல்தானங்க.”

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். இன்று காலையிலும் அவரே போட்டதுதான், ஐந்தும். மேல் பொத்தானை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு கேக்கணும்” என்றார் டாக்டர். “இந்த அளவு மிஞ்சினா சில பேருக்கு இல்லாத ஆளு, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். மருந்தால வர்றது, பைத்தியம் இல்ல. அப்படி ஏதாவது?”

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். சொர்ணத்தாய் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். அவளுடையதை அவள் மேசை மேல் வைத்தாயிற்று, இது அவருடையது, சத்தியம் பண்ணிக் கொடுத்தது. வெளியே முப்பத்திரண்டாம் நம்பர் இருமியது. உள்ளே வந்ததில் இருந்து நின்றுகொண்டே இருந்தவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, டாக்டருக்கும் நன்றாகக் கேட்கிற குரலில், டெப்போவில் பயணிகளிடம் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னார்:

“அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சுக் குடுங்க. எம் பொண்டாட்டி ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருக்கா.”

டாக்டரின் பேனா நின்றது. அந்த ஆள் எழுந்து ஒதுங்குகிற வரைக்கும் நாற்காலியைப் பார்த்திருந்துவிட்டு ஆவுடையப்பன் அவளிடம், “உக்காரு” என்றார்.

சொர்ணத்தாய் முந்தானையை எடுத்து, குடை சொட்டிய இடத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.